வீரலட்சுமி அக்கா வீட்டுச் சுவரில் ஒரு ஓட்டை

வீரலட்சுமி அக்கா மிளகாய் வறுத்தால் தெருவுக்கே தெரியும். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் படுத்தவர்கள் தும்மிக்கொண்டே எழுந்து, அக்கா வீட்டில் இன்றைக்குப் பொடி என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்கள். ஒருவரும் சண்டைக்குப் போனதில்லை. போனால் பொடி கிடைக்காது. நான் அந்த வீட்டு மாடியில் குடியிருப்பவள், பெயர் தமிழ்செல்வி. ஒரு பாக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அக்காவின் சமையலில் இதுவரை எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, அந்தப் புகையைத் தவிர.

அக்காவுக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். கணவர் ரத்தினவேல் அண்ணனுக்கு ஓசூரில் ஒரு பாக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்ததும் இரண்டு பெட்டியோடும் ஒரு ஆட்டுக்கல்லோடும் வந்து இறங்கினார்கள். வந்த புதிதில் அக்காவுக்கு இங்கே எதுவும் பிடிக்கவில்லை. குளிர் பிடிக்கவில்லை. பால்காரர் தெலுங்கு பேசினார், காய்கார அம்மா கன்னடம் பேசினார், நாம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோமா என்று அண்ணனிடம் தினமும் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார். மனிதர் பாவம், பாக்டரியே தேவலை என்று ஓவர்டைம் பார்த்திருக்கிறார்.

அப்போது அக்காவைக் காப்பாற்றியது ஒரு ஜன்னல். பக்கத்து வீட்டு சாந்தம்மாவின் அடுப்படி ஜன்னலும் அக்காவின் அடுப்படி ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் ஒரு ஆள் சைடாக நடந்து போகிற அளவுக்கு ஒரு சந்து, அவ்வளவுதான். சாந்தம்மா தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் கூலி வேலை பார்த்து வளர்ந்தவர், பிறகு இங்கே ஒரு பாக்டரி கேன்டீனில் சமைத்தவர். மூன்று பாஷையையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவார். அக்கா கன்னடம் கற்றுக்கொண்டது அந்த ஜன்னல் வழியாகத்தான். களி கிண்டக் கற்றது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர் என்று தெரிந்துகொண்டது, ஊர் வம்பு, உறவுக்காரர்கள் வம்பு எல்லாமே அந்த வழியாகத்தான். கிண்ணங்கள் கைமாறிக் கைமாறி எது யாருடையது என்பதே இரண்டு வீட்டுக்கும் மறந்துபோய்விட்டது. அந்த ஜன்னல் மட்டும் இல்லையென்றால் பைத்தியம் பிடித்து ஊருக்கே ஓடியிருப்பேன் என்று அக்காவே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த ஜன்னலைத்தான் ஒரு நாள் அக்கா இழுத்துச் சாத்தினார்.

சாந்தம்மாவின் மருமகள் ரூபா, ஆனேக்கல் பக்கத்துப் பெண், முழுகாமல் இருந்தாள். மசக்கை அவளைப் படுத்தி எடுத்தது. அக்கா இங்கே தாளித்த கொஞ்ச நேரத்தில் அங்கே பின்பக்கம் அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்கும். ஒரு காலையில் அவள் தன் அம்மாவிடம் போனில் கன்னடத்தில் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மிளகாய்ப் புகையில் குடலே வெளியே வந்துவிடும்போல் இருக்கிறது, யாரிடம் சொல்வது என்றாள். தமிழ்க்கார அம்மாவுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்துச் சத்தமாகவே பேசினாள். அவள் மாமியார் இருபது வருடமாக நடத்திய பாடத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அக்காவுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

அன்றோடு ஜன்னல் சாத்தப்பட்டது. சாந்தம்மா பார்த்தார். மருமகள் பேசியது காதில் விழுந்துவிட்டது, லட்சுமிக்குக் கோபம் என்று முடிவு கட்டிக்கொண்டார். வெட்கம் தாங்காமல் தன் ஜன்னலையும் சாத்திவிட்டார். இதைப் பார்த்த அக்கா, சாந்தக்காவும் என் புகையைப் பொறுத்துக்கொண்டுதான் இத்தனை நாள் இருந்திருக்கிறாள் என்று உள்ளுக்குள் நொந்துபோனார். பல வருடம் ஓயாமல் பேசிய இரண்டு பேர், வாசலில் கோலம் போடும்போதுகூட ஒருவரை ஒருவர் பார்க்காமல் குனிந்தே புள்ளி வைத்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நேராகப் போய் பேசிவிடுங்கள் அக்கா என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் இது. 

"நான் போய் இப்படிக் கேட்டேன்னு சொன்னா சாந்தக்கா அந்தப் பிள்ளையப் போட்டு ஏசுவாக. வாயும் வயிறுமா இருக்க பிள்ள ஏச்சு வாங்கணுமா? புகைய நிப்பாட்டிட்டா எல்லாம் தானா சரியாயிரும் செல்வி."

அப்படித்தான் அந்த வீட்டுக்கு சிம்னி வந்தது. அடுப்புக்கு மேலே மாட்டிப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளுகிற மிஷின். அண்ணன் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தபோது சாந்தம்மா வாசலில் நின்று பார்த்தார். பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கி உள்ளே போய்விட்டார். நம் மருமகள் வாயால் மிஷினே வாங்கிவிட்டார்கள் என்று அவருக்கு இன்னும் கூசிப்போயிருக்கும்.

மாட்ட வந்தவன் பெயர் விமல்ராஜ். சூளகிரிப் பையன், சிரித்த முகம். புகை வெளியே போக எங்கே வழி விடுவது என்பதுதான் முதல் கேள்வி. அவன் ஜன்னலைக் காட்டினான். ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதில் பைப்பை விட்டால் சீக்கிரம் முடிந்துவிடும், சுவரை உடைக்க வேண்டாம், எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றான். அண்ணனுக்கும் அதுதான் சௌகரியமாகப் பட்டது. அக்கா முடியவே முடியாது என்றார். இதுவரை தானாகக் கசிந்து போன புகையை இனி மிஷின் வைத்து ஒரே மூச்சாக அந்த வீட்டுக்குள் ஊதவா என்று கேட்டார். அத்தோடு அந்த ஜன்னல் காலத்துக்கும் திறக்க முடியாமல் போய்விடும் என்பதையும் மெல்லச் சொன்னார். அண்ணன் ஜன்னலை விட்டுவிட்டுச் சுவர்களைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

மிச்சம் இருந்தது அடுப்புக்குப் பின்னால் இருக்கிற கிழக்குச் சுவர். அதற்கு வெளியே என் மாடிப்படி. நேராக ஓட்டை போட்டால் புகை படிக்கட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு போக இடமில்லாமல் சுற்றும். அதனால் பைப்பை மேலே தூக்கி ஒரு வளைவு கொடுத்து, படியைத் தாண்டி திறந்த வெளியில் விட வேண்டும். ஒரு வளைவுக்கு மேல் வைத்தால் இழுக்காது என்று விமல்ராஜ் முன்கூட்டியே சொல்லிவிட்டான். படி ஏறி வருகிறவள் முகத்துக்கு நேராகத்தான் அந்த இடம் வரும். அதாவது என் முகத்துக்கு. அக்கா என்னிடம் சம்மதம் கேட்க மாடிக்கு வந்தார், கையில் நாட்டுக்கோழிக் குழம்பு. அதை லஞ்சம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யோசிக்க அவகாசம் கேட்கிற நிலையிலும் நான் இல்லை.

மறுநாள் கோர் கட்டிங் மிஷின் வந்து, தண்ணீர் பீய்ச்சிப் பீய்ச்சி, சுவரில் வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தது. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வெளிப்பக்கம் லேசாகச் சரித்து வெட்டினார்கள். அடுப்படி முழுக்கச் சாம்பல் நிறக் குழம்பு. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சந்தோஷமாகக் கழுவினார்.

இனி அந்த ஓட்டைக்கு வெளியே மாட்ட ஒரு மூடி வேண்டும். மிஷின் ஓடும்போது திறந்து புகையை விட வேண்டும், நின்றதும் தானாக மூடிக்கொண்டு பல்லி, அணில், காற்று எதையும் உள்ளே விடக் கூடாது. பாகலூர் ரோட்டில் ஒரு கடைக்கு அக்கா, அண்ணன், நான் மூன்று பேரும் போனோம். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பட்டை பட்டையாக ஒன்று இருந்தது. வெயிலில் மஞ்சளாகி உடைந்துவிடும் என்று அக்காவே ஒதுக்கினார். கொசுவலை வைத்த ஸ்டீல் ஒன்று இருந்தது. வலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் யார் ஏணி வைத்து ஏறித் தேய்ப்பது என்று அதையும் திருப்பி வைத்துவிட்டார். கடைசியில் அலுமினியத்தில் தொப்பிபோல் ஒன்று, உள்ளே மெல்லிய தகடு கதவாகத் தொங்கியது. அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. அண்ணன் அதைக் கையில் வாங்கி வாயருகே வைத்து ஊதினார். தகடு தூக்கிக்கொண்டு திறந்தது. அவர் சிரித்தார்.

"மூச்சு விட்டாலே திறக்குது. இதெல்லாம் ஒரு மூடியா?"

இங்கே எங்கள் ஊர் வியாதி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓசூரில் தகட்டில் செய்த எந்தப் பொருளையும் ஒரு பாக்டரிக்காரரிடம் அவ்வளவு லேசில் விற்றுவிட முடியாது. கையில் வாங்குவார், தகடு எத்தனை கனம் என்று பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், இதைவிட நன்றாக நம் ஆளே செய்வான் என்று கீழே வைத்துவிடுவார். எல்லோருக்கும் லேத் வைத்திருக்கிற ஒரு சிநேகிதர் உண்டு. எங்கள் தெருவில் துணி காயப்போடுகிற கம்பிக்குக்கூட பேரிங் வைத்த வீடு இருக்கிறது.

அண்ணனின் சிநேகிதர் முத்துக்குமார். சிப்காட் பக்கம் சின்னதாக ஒரு பேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறார். மெயின்டனன்ஸ் ஆட்கள் அங்கே கூடி டீ குடித்துக்கொண்டே மீட்டிங் போட்டார்கள். ஆம்பளைகள் மீட்டிங் போட்டால் ஒரு சாமான் இரண்டு மடங்கு ஆகாமல் வெளியே வராது. கனமான ஸ்டீல் தகடு என்றார் ஒருவர். கதவு ஆடாமல் இருக்க நல்ல பின் என்றார் இன்னொருவர். பல்லிக்குஞ்சுகூட நுழையாமல் சுற்றி ரப்பர் என்றார் மூன்றாமவர். முத்துக்குமார் அத்தனையையும் செய்து, கண்ணாடிபோல் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்.

உண்மையிலேயே அழகாக இருந்தது. தெருவே வந்து பார்த்தது. விமல்ராஜ் தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். நான் விரலால் ஓரங்களைத் தடவிப் பார்த்து, பிசிர் இல்லை, பாஸ் என்றேன். கதவை விரலால் தள்ளினோம், சொகுசாகத் திறந்து, கார்க் கதவு சாத்துகிற மாதிரி டக்கென்று மூடியது. அந்த டக்குக்கு எல்லோரும் தலையாட்டினோம். சிம்னி இழுக்கிறதா என்று விமல்ராஜ் ஓட்டை போட்ட அன்றே ஒரு நியூஸ்பேப்பரை ஒட்டவைத்துக் காட்டியிருந்தான். ஆனால் அப்போது ஓட்டை வெறும் ஓட்டையாக இருந்தது, மூடி மாட்டவில்லை. இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, சூடம் காட்டினார்கள். அக்கா ஜன்னலை இன்னொரு தடவை அழுத்திச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஒரு இழை புகைகூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அவர் சபதம். அடுப்பைப் பற்றவைத்து, சிம்னியைப் போட்டு, வாணலியில் வத்தல் மிளகாயைக் கொட்டினார். சோதனை என்றால் கடுமையாகவே இருக்கட்டும் என்றார்.

சிம்னி பெரிய சத்தத்தோடு ஓடியது. மிளகாய் கருக ஆரம்பித்தது. புகை மேலே ஏறி, மிஷினுக்குள் போய், கொஞ்சம் யோசித்து, திரும்பி வந்தது.

முதலில் அண்ணன் இருமினார். பிறகு முத்துக்குமார். பிறகு யார் இருமுகிறார்கள் என்றே தெரியவில்லை. வெளியே படிக்கட்டில் நின்ற விமல்ராஜ், மூடி திறக்கவே இல்லை என்று கத்தினான். பாக்டரியில் அந்த மாதிரிக் கதவைத் தள்ளுகிற ப்ளோயர் ஒரு ஆள் உயரம் இருக்கும். அடுப்படி சிம்னியில் இருப்பதோ கைக்குழந்தை. அது முட்டி முட்டிப் பார்த்துத் தோற்றுவிட்டது. அக்கா அடுப்பை அணைத்தார். அண்ணன் கண்ணீரோடு தடவித் தடவிப் போய், ஜன்னலைத் திறந்துவிட்டார். சேர்ந்திருந்த புகை அத்தனையும் சந்துக்குக் குறுக்கே நேராக சாந்தம்மா வீட்டு ஜன்னலில் போய் மோதியது.

ஐயோ என்று தலையில் கைவைத்தார் அக்கா. எது நடக்கக் கூடாது என்று சுவரையே வெட்டினாரோ அதுவே நடந்தது.

சாந்தம்மாவின் ஜன்னல் திறந்தது. இங்கே புகை, கூச்சல். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். வாசல் வழியாக ஒரு குடம் தண்ணீரைத் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அடுப்படிக்குள் நுழைந்து, எது எரிகிறது என்று தெரியாமல் நின்றார். எதுவும் எரியவில்லை என்று புரிந்ததும் குடத்தைக் கீழே வைத்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சுட்டுக்கொண்டதா என்று. அப்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"எங்கூட்டுப் பொண்ணு ஏதோ தெரியாத்தனமா பேசிட்டா லட்சுமி," என்றார் சாந்தம்மா. "அதுக்கு என்னாத்துக்கு ஜன்னல சாத்திக்கினே? என்ன ரெண்டு திட்டு திட்டியிருக்கலாமில்ல?"

"அவ பேசுனதுக்குச் சாத்தலக்கா. அவ வாந்தி எடுக்குதத காதால கேட்டுட்டு எப்படித் திறந்து வைக்க?"

சாந்தம்மா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்போடு இருமலும் வந்தது. அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் விட்டுப்போன நாட்களின் வம்பையெல்லாம் மூன்று பாஷையில் ஒரே மூச்சில் பேசித் தீர்க்கத் தொடங்கியதும், எங்களுக்கு அங்கே வேலையில்லை என்று வெளியே வந்துவிட்டோம். படிக்கட்டில் அண்ணனும் முத்துக்குமாரும் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே பாகலூர் ரோட்டுக் கடைக்குப் போய் அந்த அலுமினியத் தொப்பியை வாங்கி வந்தார்கள். அண்ணன் கடைக்காரர் முகத்தைப் பார்க்கவில்லையாம். விமல்ராஜ் அதை மாட்டி, ஓரத்தில் மழைத் தண்ணீர் இறங்காமல் பூசி, மிஷினைப் போட்டான். தகடு சட்டென்று தூக்கிக்கொண்டு நின்றது. போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனான்.

"ஜன்னல சாத்தி வெச்சா இழுக்காதுங்கக்கா. உள்ள காத்து வந்தாத்தான் புகை வெளிய போகும். மிஷினு ஓடறப்பல்லாம் ஜன்னல் தொறந்தே இருக்கணும்."

அக்கா அவனுக்கு இரண்டாவது தம்ளர் காபி கொடுத்தார்.

ஜன்னல் திறந்தது. மிளகாய்ப் புகை இப்போது என் படிக்கட்டுப் பக்கம் போகிறது, நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறுகிறேன், குழம்பு வருகிறது. எல்லாம் சுபம் என்று நினைத்தேன். ஆனால் ரூபாவின் வாந்தி மட்டும் நிற்கவில்லை. புகைதான் இல்லையே, பிறகு ஏன் என்று அக்காவுக்கு யோசனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தம்மா கடைக்குப் போயிருந்த நேரம், ரூபா ஜன்னலருகே வந்து நின்றாள். நான் அக்காவோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் ஆன்ட்டி, உங்கள் மிளகாய் மேல் பழியைப் போட்டுவிட்டேன் என்றாள். நிஜத்தில் அவளுக்கு ஆகாதது மாமியார் தினமும் காலையில் வேகவைக்கிற கொள்ளு. அக்கா தாளிக்கிற நேரமும் அங்கே கொள்ளு கொதிக்கிற நேரமும் ஒன்று. மாமியாருக்குக் களியோடு கொள்ளுச் சாறு இல்லாமல் ஒரு நாள் விடியாது. வந்து ஒரு வருடம்கூட ஆகாத மருமகள், உங்கள் சாறு எனக்குக் குமட்டுகிறது என்று எந்த வாயால் சொல்வாள்? அம்மாவிடம் சொன்னால்கூட அது எப்படியாவது திரும்பி வரும் என்று பயந்து, பக்கத்து வீட்டின் மேல் போட்டுவிட்டாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இவளுக்காகச் சுவரை வெட்டி, ஊரைக் கூட்டி, இத்தனை பாடு. அக்கா என் தொடையைக் கிள்ளினார், வாயை மூடு என்று. பிறகு அவளிடம், போ கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

என்ன பார்த்துக்கொள்கிறார் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. ஷிப்டுக்குக் கிளம்பிப் படி இறங்கினேன். அலுமினியத் தொப்பி திறந்திருந்தது, உள்ளேயிருந்து காற்று என் முகத்தில் அடித்தது. மிளகாய் வாசனை இல்லை, தாளிப்பு இல்லை. பச்சையாக, கொள்ளு. கீழே வந்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. வெறும் அடுப்புக்கு மேலே சிம்னி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. எதிரே சாந்தம்மாவின் பானை அவருடைய ஜன்னலை ஒட்டிக் கொதிக்க, அதன் ஆவி சந்துக்குக் குறுக்கே இந்தப் பக்கம் சாய்ந்து வந்துகொண்டிருந்தது.

சாந்தம்மாவும் அதைக் கவனித்துவிட்டார். கரண்டியும் கையுமாக ஜன்னலுக்கு வந்து, அடுப்பில் ஒன்றுமில்லையே, என்னாத்துக்கு மிஷினை ஓட்டுகிறாய் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ரூபா நின்று, கையில் தட்டோடு, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு அக்காவின் வாயையே பார்த்தாள்.

"புது மிஷினுல்லாக்கா," என்றார் அக்கா. "தினம் கொஞ்ச நேரம் ஓட்டலைன்னா இறுகிப் போயிருமாம், மாட்டுன தம்பி சொன்னான். நீங்க எப்ப சாறு வைக்கீகளோ, அப்பச் சொல்லுங்க, நானும் போடுதேன்."

சாந்தம்மா அப்படியா என்று தலையாட்டிவிட்டுப் பானையைக் கிளறப் போனார். ரூபா இன்னொரு இட்லி எடுத்து வைத்துக்கொண்டாள்.